தழும்பின் அடியில்

எமது தங்கை சிறுமியாயிருந்த காலத்தில், ஓடி விளையாடும்போது இடையிலே குந்திக்கொள்வாள். உதடுகள் நீலம் பாரித்திருக்கும். சோம்பேறி என்று நாம் நகைத்ததுண்டு. குந்தியிருக்கையிற்றான் அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது என்பதை அன்று அறியோம்.

பிறவியிலேயே வாய்த்த அக்குறைக்கு, 1888ஆம் ஆண்டில் அதனை விரித்துரைத்த பிரெஞ்சு வைத்தியர் பலோவின் பெயரே வழங்குகின்றது. இருதயத்தின் கீழறைகளுக்கிடையே துவாரம். சுவாசப்பைக்கு இரத்தம் செல்லும் வழியில் ஒடுக்கம். இவற்றோடு வேறிரு கோளாறுகள். நான்காம் வயதிற் சத்திரசிகிச்சை நடந்தது. நீலம் மறைந்தது. சுகமாகிவிட்டாள் என மகிழ்ந்தோம். சில ஆண்டுகளில் வைத்தியசாலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம்.

அவளுக்கு முப்பத்தொரு வயதானபோது, காய்ச்சலுக்கு மருந்தெடுக்கச் சென்ற இடத்தில் வைத்தியர் ஒருவர் மார்பிலிருந்த தழும்பைக் கண்டார்.

"கடைசியாக எப்போது இருதயத்தைப் படமெடுத்தீர்கள்?"

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஒடுங்கிய வழியை அகலமாக்கும்போது அங்குள்ள வால்வு பலருக்குப் பழுதுபட்டுவிடுமாம். பின்னர் ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது இரத்தம் திரும்பி ஒழுகும். அதனைத் தாங்கித் தாங்கி வலது கீழறை ஆண்டுக்கணக்கில் விரியும். நோயாளிக்கோ ஒன்றும் தோன்றாது. களைப்புத் தோன்றும் வேளையிற் காலங் கடந்திருக்கவுங் கூடும்.

முதலில் ஒலியலைப் படம் எடுத்தார்கள். 1953ஆம் ஆண்டிற் சுவீடனில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹேட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும், உலோகத்துள் மறைந்த வெடிப்பைக் காணுங் கருவியொன்றை இரவல் வாங்கித் தொடக்கிவைத்த முறை அது. ஒழுக்குத் தெரிந்தது. ஆயினும் வலது கீழறை நெஞ்செலும்பின் பின்னே ஒழுங்கற்ற வடிவில் கிடப்பதால், அதன் கொள்ளளவைச் சரியாகக் கணிக்கக் காந்தப் படமே வேண்டும் என்றனர். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. ஆகவே எத்தனை முறையும் திரும்ப எடுக்கலாம். தோட்டையும் வளையலையும் கழற்றி எம் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரமளவில், "மூச்சை அடக்குங்கள்" என்ற குரலும் இயந்திரத்தின் தடதடப்பும் மாறிமாறிக் கேட்டனவாம்.

அறையின் கொள்ளளவு உடற்பரப்பின் சதுர மீற்றர் ஒன்றுக்கு 160 மில்லிலீற்றரை எட்டினால், புதிய வால்வு பொருத்துவதுபற்றி வைத்தியர்கள் ஆலோசிப்பர். அவளுக்கு 138.

"இத்தனை வருஷமும் சும்மா இருந்துவிட்டோமே, அக்கா" என்றாள்.

அடுத்த படத்திற்குரிய திகதியைச் சமையலறை நாட்காட்டியில் அவளே குறித்தாள்.