கொய்யா போன கொல்லை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம்.

எங்க வீடு பட்டுக்கோட்டை பக்கம். கொல்லையில ஒரு மா, ஒரு பலா, ரெண்டு கொய்யா, கிணத்தடியில நாலஞ்சு பப்பாளி. சின்ன வயசுல கடையில பழம் வாங்கினதா ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பை திண்ணையில, நான் மரத்துல. யாருக்காவது காய்ச்சல்னா மட்டும்தான் வீட்டுக்கு ஆப்பிள் வரும். அதனாலேயே எனக்கு ஆப்பிள் உசத்தி, கொய்யான்னா இளப்பம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிஞ்சதும் பின்கதவைத் திறந்தா கொல்லை முழுக்க வெயில். அந்த இடத்துல அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு மரம் மிச்சமில்லை. ஊரெல்லாம் தென்னை எத்தனை போச்சுன்னுதான் பேச்சு. கொய்யா போனதை யார் கேட்பா?

அடுத்த வருஷம் அக்கா பொண்ணுக்கு ரத்தசோகைன்னு தெரிஞ்சது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிட்டு, "கீரை, பருப்பு சாப்பிடறப்ப கூடவே கொய்யாவோ நெல்லியோ கொடுங்க. வைட்டமின் சி இருந்தா அந்த இரும்பு உடம்புல நல்லாச் சேரும். சாப்பிட்டவுடனே டீ வேண்டாம்"னார். 100 கிராம் கொய்யாவுல வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம். ஆரஞ்சுல 50 தான். இதெல்லாம் நான் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.

அம்மா ஒண்ணும் பேசலை. வர்ற வழியில தள்ளுவண்டியில அரைக் கிலோ கொய்யா வாங்கினாங்க. பை நிறைய அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த கை, சில்லறையை எண்ணிக் கொடுத்துச்சு. எனக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியலை.

மறுநாளே நர்சரிக்குப் போய் லக்னோ-49 பதியன் கன்னு ரெண்டு வாங்கி வந்து நட்டேன். பப்பாளி விதையும் போட்டோம். பப்பாளி ஒரு வருஷத்துக்குள்ளேயே பழம் கொடுத்துடுச்சு. கொய்யா மூணாவது வருஷம்.

அக்கா பொண்ணுக்கு ரத்தம் ஏறினது மாத்திரையாலதான். கொய்யாதான் காப்பாத்துச்சுன்னு சொன்னா பொய். ஆனா திரும்பக் குறையலை. இப்பவும் முருங்கைக்கீரைச் சோறு சாப்பிட்டா, கையோட கொல்லைக்குப் போயிடுவா.

மாங்கன்னு ஒண்ணும் நட்டிருக்கோம். "நான் இருக்கறப்ப காய்க்குமாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. ஒட்டுக்கன்னும்மா, சீக்கிரமே காய்ச்சிடும்னேன். போன சித்திரையில ஏழு காய். அதுல ரெண்டு அணிலுக்கு.

உங்க வீட்டுக் கொல்லையில என்ன மரம் இருக்கு? சொல்லுங்களேன்.