பாறும் மருந்தும்

பிணந்தின்னிக் கழுகு என்று பெயரிட்டுப் பாறு என்னும் பறவையை இழித்துரைத்தல் மக்கள் வழக்கம். ஆயின், அப்பறவை நாட்டிற்குச் செய்துவந்த தொண்டின் பெருமை, அஃது அழியத் தலைப்பட்ட பின்னரே உலகிற்குப் புலனாயிற்று.

ஊர்ப்புறத்தே மாடொன்று மாண்டு கிடந்தால், பாறுகள் கூட்டமாக வந்திறங்கும். சிறிது பொழுதில் எலும்பு மட்டும் எஞ்சும்படி உண்டு தீர்க்கும். அவற்றின் இரைப்பையில் சுரக்கும் கடிய அமிலம் நோய்க்கிருமிகள் பலவற்றைக் கொன்றுவிடும். கூலி கேளாது ஊரைத் தூய்மை செய்யும் பறவை அது.

இந்தியாவில் கூட்டங்கூட்டமாக வாழ்ந்த வெண்முதுகுப் பாறுகள், 1992ஆம் ஆண்டிற்கும் 2007ஆம் ஆண்டிற்கும் இடையே, 1,000 இருந்த இடத்தில் ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்துபோயின. தொற்றுநோய் ஒன்றே இதற்குக் காரணமாகும் என்று பலர் ஐயுற்றனர்.

லின்சே ஓக்ஸ் என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றில் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்பொடி போலப் படிந்திருந்தது. கிருமியைத் தேடினர், காணவில்லை. நஞ்சுகளைத் தேடினர், அவையும் காணப்படவில்லை. பின்னர், ‘பாறு உண்பது கால்நடையின் இறைச்சி, அவ்விறைச்சியில் கலந்தது யாது?’ என்று சிந்தித்தனர். கால்நடை மருத்துவரிடமும் மருந்து விற்போரிடமும் வினவினர். மாடுகளின் வலி தீர்க்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்தின்மேல் ஐயம் சென்றது. சிறுநீரகம் கெட்டு மாண்ட 25 பாறுகளிலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணத்தால் மாண்ட 13 பாறுகளுள் ஒன்றிலேனும் இல்லை. இம்முடிவு 2004இல் வெளியாயிற்று.

மாட்டின் நோவைத் தணிக்க விழைந்த கை, பறவையின் உயிரைப் பறிக்க எண்ணியதன்று, எனினும் பறித்தது. தீங்கு அவ்வளவில் நின்றதோ? இல்லை. உண்பாரற்றுக் கிடந்த பிணங்கள் அழுகி நீரைக் கெடுத்தன, தெருநாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநாய்க்கடி அச்சமும் பெருகிற்று. பாறுகள் குறைந்தமையால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் கூடுதலாக இறந்தனர் என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு மதிப்பிடுகின்றது.

கால்நடைகளுக்கு இம்மருந்தை வழங்குவதை இந்தியா 2006இல் தடுத்தது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் கண்டறியப்பட்டது. மனிதர்க்கென விற்ற பெரிய மருந்துக்குப்பிகள் மாடுகளுக்குப் பயன்படுவது கண்டு, 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஆயினும், பாறு ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். ஆதலின் இழந்ததை மீட்கப் பல்லாண்டுகள் வேண்டும்.

நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன. மாட்டிற்கு ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேட்டறிதல் சிறு செயலே. அச்சிறு செயலை மாடு வளர்ப்போர் ஒவ்வொருவரும் மேற்கொள்வாராயின், அப்பறவைகளும் வாழும். ஊரும் நலம் பெறும்.