ஒன்பது ஆண்டு தாமதித்த பதக்கம்

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் திகதி மாலை, ஹட்டன் நகரில் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தேன். வடக்கே போர் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வானொலியில் செய்தி தொடங்கினால், கடையிலுள்ளோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது கோப்பையையே நோக்கியிருப்பர். அன்று வந்த செய்தியோ வேறு. சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்துவிட்டார். 1948இல் லண்டனில் டங்கன் வைற் பெற்ற வெள்ளிக்குப் பின் இந்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. சிங்களவரான கடை முதலாளி அன்று ஒருவரிடமும் காசு வாங்கவில்லை.

எனக்கு மகிழ்ச்சியுடன் வெட்கமும் உண்டாயிற்று. அதற்குக் காரணம் உண்டு.

கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றில் வறிய குடும்பத்தில் பிறந்த இந்தப் பெண், 1997இல் எதென்ஸில் நடந்த உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றவர். மறு ஆண்டே நண்ட்ரலோன் என்னும் ஊக்கமருந்தைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அது நீங்கியது. அதிகாரத்தில் உள்ளோர் தம்மைப் பழிவாங்குவதாக அவர் பகிரங்கமாகவே முறையிட்டார். அந்நாளில் நான் பணியாற்றிய அலுவலகத்தில் அவரது கறுத்த நிறத்தையும் முறுக்கேறிய உடலையும் சுட்டிப் பேசிய கேலிக்குக் கணக்கில்லை. ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். குற்றச்சாட்டு முதற்பக்கச் செய்தி. அது நீங்கியதை நான் எங்கே படித்தேன் என்பதே நினைவில்லை.

சிட்னியில் அவருக்கு முன்னே ஓடியவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். மூன்று தங்கமும் இரண்டு வெண்கலமுமாக அங்கு ஐந்து பதக்கம் வென்றவர். அவர் நேரம் 21.84 செக்கன். பஹாமாஸின் போலின் டேவிஸ்-தொம்சன் 22.27, சுசந்திகா 22.28. ஜோன்ஸின் வெற்றியில் கலிபோர்னியாவின் பல்கோ நிறுவனம் பரப்பிய மருந்துக்கும் பங்குண்டு என்பது பின்னாளில் வெளியாயிற்று. சோதனைக்கூடங்கள் இனங்காணாதபடி இரசாயன அமைப்பை மாற்றிச் செய்யப்பட்ட மருந்து அது. சோதனைக்கூடம் தனக்குத் தெரிந்ததைத்தானே தேடும்? 2003இல் ஒருவர் அம்மருந்தின் எச்சமிருந்த ஊசிக்குழலை அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்த பின்னரே அதைக் கண்டறியும் வழி பிறந்தது. ஏழை நாட்டுப் பெண்ணின் மீது சந்தேகம் விழ ஒரு சொல் போதுமாயிருந்தது; செல்வ நாட்டு வீராங்கனை மீது விழ ஓர் இரசாயனத் துப்பறிதலே நடக்க வேண்டியிருந்தது.

ஜோன்ஸ் பல ஆண்டுகள் மறுத்துவந்தார். 2007 அக்டோபரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2008இல் ஆறு மாதச் சிறை. அதுவும் மருந்தை உட்கொண்டதற்காக அன்று, விசாரணையாளரிடம் பொய்யுரைத்ததற்காக. அவர் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவரைச் சுற்றியிருந்து இலாபமடைந்தோரின் பெயர்கள் அத்தனை உரக்கப் பேசப்படவில்லையே என்றுதான் தோன்றிற்று.

2007 டிசம்பரில் அவரது சிட்னிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவற்றை மறுபடி பங்கிட இன்னும் இரண்டு ஆண்டு சென்றது. 2009 டிசம்பரில் டேவிஸ்-தொம்சனுக்குத் தங்கமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும் ஆயின. நான்காவதாக வந்த ஜமெய்க்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். அந்த ஓட்டத்துக்காக மேடையேறும் வாய்ப்பு சிட்னியில் அவருக்குக் கிட்டவேயில்லை. 100 மீற்றரின் கதை இன்னும் விசித்திரமானது. இரண்டாவதாக வந்த கிரேக்கத்தின் கத்தரீனா தானு 2004இல் ஊக்கமருந்துச் சோதனைக்குத் தோன்றாது போனவர். எனவே தங்கத்தை அவருக்கு உயர்த்திக் கொடுக்கவில்லை. அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டது.

சுசந்திகா அதற்கிடையே ஓடிக்கொண்டுதான் இருந்தார். ஜோன்ஸ் உண்மையை ஒப்புக்கொள்வதற்குச் சில வாரங்கள் முன்னர், 2007இல் ஒசாகா உலகப் போட்டியில் 31 வயதில் 200 மீற்றரில் வெண்கலம் வென்றார். அவர் தூய்மையாக ஓடினாரா என்று அப்போதும் சிலர் என்னிடம் கேட்டனர். அவர்களுக்கு நான் விடை சொன்ன விதம் 1998இல் சொன்னதிலிருந்து மாறியிருந்தது, அவ்வளவே.

2017இல், தமக்கு வரவேண்டிய கொடுப்பனவு நின்றுவிட்டதென்று கூறி, அந்த ஒலிம்பிக் பதக்கத்தை ஏலத்தில் விற்கப்போவதாக அவர் அறிவித்தார். அச்செய்தியைப் படித்த வாரத்தில் ஹட்டனுக்குப் போயிருந்தேன். கடையை இப்போது முதலாளியின் மகன் நடத்துகிறார். சுவரில் 2000ஆம் ஆண்டுப் பத்திரிகைப் படம் புகையேறி இன்னமும் தொங்குகிறது. அதன் கீழே சிங்களத்தில் ‘வெண்கலம்’ என்றே இருக்கிறது. திருத்தச் சொல்லலாமா என்று எண்ணி, தேநீருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.