வெளிச்சம் எத்தனை சுவர் தாண்டும்?

டிசம்பர் 17

பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் வேலையை முடித்துவிட வேண்டும். மழை ஓய்ந்துவிட்டது. சுவர் காய்ந்திருக்கிறதா என்று நாளை வந்து பார்ப்பதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

வீட்டில் இப்போதே இரண்டு கட்சி. மகளுக்கு மாடி அறை முழுக்கக் கரும்பச்சை வேண்டும்; கூடத்தில் ஒரு சுவராவது அடர்நீலம் அடிக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு எல்லா அறைக்கும் ஐவரி போதும், வீடு பெரிதாகத் தெரியும். என் அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எனக்குப் படி தெரியணும், நிலைப்படி தெரியணும். மத்ததை நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சரியான இடத்தில் கேள்வியைத் தொடங்கியவள் அவள்தான் என்று எனக்குப் படுகிறது. அடர்நிறமா வெளிர்நிறமா என்பதை விருப்பமாக மட்டும் பேசினால், யார் கூடுதல் நேரம் பேசுகிறார்களோ அவர்கள் நிறம் சுவரில் ஏறும். எங்கள் வீடு மதுரையின் பழைய தெருவொன்றில், வடக்குப் பார்த்து, ஒடுங்கி நீண்டு கிடக்கும் வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். தெரு ஜன்னல், நடு முற்றம், பின்கட்டுக் கொல்லை என்று கீழ்த்தளத்தில் வெளிச்சம் நுழைய மூன்றே வழி. நடுக்கட்டு அறையிலிருந்து வானம் தெரியவே தெரியாது. இந்த வீட்டில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் முதலில் வெளிச்சம் எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

டிசம்பர் 18

மேஸ்திரி காலையிலேயே வந்துவிட்டார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், உள்ளே பிடிப்பில்லாமல் ஒலித்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். நடுக்கட்டில் பட்டித் தகட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிக் காட்டினார். மேலே நாங்கள் அடித்த பீச் நிற எமல்ஷன். அதன் கீழே வெளிர்பச்சை டிஸ்டெம்பர். அதற்கும் கீழே ரோஸ் டிஸ்டெம்பர். பிறகு சுண்ணாம்பு, அதற்கடியிலும் சுண்ணாம்பு, அதற்கடியிலும் சுண்ணாம்பு. ஒவ்வொரு பூச்சும் காகிதத் தடிமன்தான். அந்தச் சில்லுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைக்குள் ஒரு நீலச்சாயல். தாத்தா காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புத் தொட்டியில் சலவை நீலம் கரைத்திருக்கிறார்கள். பழுப்பேறும் வெள்ளையின் மஞ்சளை நீலம் அடக்கும்; கண்ணுக்கு இன்னும் வெள்ளையாகத் தெரியும். வேட்டிக்கு நீலம் போடுவதும் இதற்குத்தான்.

"இந்தச் சுவத்துக்கு மேல பிளாஸ்டிக் பெயிண்ட் போட்டு மூடுனதுனாலதான்க்கா அடியில உப்புப் பூக்குது" என்றார். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும். சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே போகவும் விடும். எமல்ஷன் படலம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு வந்து, படலத்தின் முதுகில் முட்டி, அதைப் பொரிய வைக்கிறது. எந்த நிறம் அடித்தாலும் இது நடக்கும். ஆனால் அடர்நிறத்தில் ஒரு சிட்டிகை உப்புக்கூடத் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும்.

டிசம்பர் 19

இன்று முழுக்க ஷேட் கார்டோடுதான் பொழுது போனது. சில கார்டுகளில் நிறத்தின் பெயரோடு எல்.ஆர்.வி. என்று ஒரு எண்ணும் போட்டிருக்கிறார்கள். தன்மேல் விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. நல்ல வெள்ளைப் பெயிண்ட் 80-ஐத் தாண்டும். அடர்நீலமும் கரும்பச்சையும் பெரும்பாலும் 10-க்கும் கீழே.

80-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எங்கள் நடுக்கட்டுக்கு வெளிச்சம் நேராக வருவதில்லை. முற்றத்துச் சுவரில் பட்டு, தாழ்வாரச் சுவரில் பட்டு, அறைச் சுவரில் பட்டுத்தான் கையிலிருக்கும் புத்தகத்துக்கு வருகிறது. மூன்று சுவரும் 80 என்றால் முதல் முறைக்குப் பின் 80 பங்கு, அடுத்து 64, மூன்றாவதில் 51. ஏறக்குறையப் பாதி வந்து சேர்கிறது. மூன்றும் 50 என்றால் 50, 25, கடைசியில் 12½. நாங்கள் இப்போது குடியிருக்கும் பீச் நிறம் ஏறத்தாழ இந்தக் கணக்குத்தான். பகலிலும் லைட் போட்டுக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறது. மூன்றும் 10 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கைச் சாப்பிடும்போது சொன்னேன். மகள் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப வெளிச்சம் நேரா வர்ற ரூம்ல டார்க் அடிக்கலாம்லம்மா?" என்றாள். அடிக்கலாம். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

நடுக்கட்டுக்கு முடிவாகிவிட்டது. எமல்ஷனையும் டிஸ்டெம்பரையும் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் சுண்ணாம்பு. முற்றத்துச் சுவருக்கும் அதுவே. சுரண்டும் கூலி கூடுதலாகும். ஆகட்டும்.

டிசம்பர் 21

கூடத்தில் மாதிரி அடித்துப் பார்த்தோம். பழைய பீச் சுவரின்மேல் நேரடியாக அடித்த கிரீம் சற்றுப் பச்சையாகத் தெரிந்தது. அதே கிரீமைச் சுற்றி மேஸ்திரி அகலமாக வெள்ளை பிரைமர் பூசியதும் பச்சை போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் நிறம் கண்ணைத் திருப்பிவிடுகிறது. பாரிசின் கோப்ளான் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்று புகார் வந்ததாம். அவர் சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்தன. 1839-இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். ஷேட் கார்டில் நிறங்களை ஒட்டி ஒட்டி அடுக்கியிருப்பதை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கூடத்துக்கு இன்னும் இரண்டு சிக்கல். தரை பழைய ரெட் ஆக்சைடு. காலையில் தரையில் விழும் வெளிச்சம் சிவந்து எழுந்து, சுவரின் கீழ்ப்பாதியில் படிகிறது. எதிர்வீடு தெற்குப் பார்த்தது. அதற்கு இப்போது கிளிப்பச்சை அடித்திருக்கிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நண்பகல் வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான். அங்கிருந்து திரும்பி எங்கள் ஜன்னலுக்குள் வருவது பச்சை கலந்த வெளிச்சம். ஒரே கிரீம் கீழே ரோஸாகவும் மேலே பச்சையாகவும் நிற்கிறது.

வடக்கு ஜன்னல் அறையில் வெளிச்சம் குளிர்ந்திருக்கும், நேர்வெயில் வராது, அதனால் மஞ்சள் கலந்த நிறம் அடியுங்கள் என்று வீட்டு அலங்காரப் புத்தகங்கள் சொல்கின்றன. அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். மதுரை ஏறக்குறைய 10 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு வடக்கே போய்விடுகிறது. ஆவணி நடுவில்தான் திரும்புகிறது. ஜூனில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அப்போது வெயில் எங்கள் வாசலில், எங்கள் ஜன்னலில். எதிர்வீட்டு முகப்பு நிழலில் இருக்கும். ஆகவே மார்கழியில் பார்த்து முடிவுசெய்யும் கூடத்து நிறம் ஆனியில் வேறு நிறமாகிவிடும். பொங்கலுக்காக எல்லோரும் மார்கழியிலேயே நிறம் பார்க்கிறோம். வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இது சரியான பருவமே இல்லை.

டிசம்பர் 23

அம்மாவுக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இன்னொன்றுக்குத் தை கழித்து நாள் கொடுத்திருக்கிறார்கள். இன்று மாதிரிச் சுவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு மற்றதைப் பொத்திப் பார்த்தாள். "இந்தக் கண்ணுல நல்ல வெள்ளையா இருக்கு. இதுல சந்தனம் தடவுன மாதிரி இருக்குடி" என்றாள். வெள்ளை, கிரீம், ஐவரி மூன்றுக்கும் புரைக் கண்ணில் வித்தியாசமே தெரியவில்லை.

வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. நீல ஒளியைத் தடுக்கிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஓவியர் மோனேவுக்கு 1923-இல் வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் தவித்திருக்கிறார். நிறத்தையே தொழிலாகக் கொண்டவருக்கே அப்படியென்றால், ஐவரிக்கும் கிரீமுக்கும் நாங்கள் போட்ட சண்டை அம்மாவுக்கு இல்லாத ஒன்றைப் பற்றிய சண்டை.

அவளுக்குத் தெரிவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்குமான இடைவெளி. எல்லாவற்றையும் வெளிர்நிறமாக அடித்தால் வீடு பெரிதாகத் தெரியலாம். அம்மாவுக்குச் சுவர் எங்கே முடிந்து நிலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. வெள்ளை டைல்ஸில் வெள்ளைத் தொட்டி வைத்த குளியலறையில் அவள் கைநீட்டித் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். எனவே சுவர் வெளிர், நிலைகளும் கதவுகளும் அடர் காப்பிக்கொட்டை நிறம். சுவிட்ச் போர்டைச் சுற்றி அடர்நிறப் பட்டை. மாடிப்படி ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் வெள்ளைக் கோடு. முதியவர் இருக்கும் எந்த வீட்டிலும் அடர்நிறத்தின் முதல் வேலை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

டிசம்பர் 27

மகளின் மாடி அறை. தெற்கிலும் மேற்கிலும் ஜன்னல். மூன்று மணிக்கு மேல் கண் கூசும். திரையை இழுத்துவிட்டுத்தான் படிக்கிறாள். இங்கே வெளிச்சம் கூடுதல், ஆகவே கணக்கு அவளுக்குச் சாதகம்.

எந்தச் சுவர் என்பதில்தான் பேச்சு. ஜன்னல் இருக்கும் சுவரை அடர்நிறமாக்கினால், இருட்டுச் சுவரின் நடுவே வெளிச்சக் கட்டம் நின்று இன்னும் கூசும். ஜன்னல் சுவர்கள் வெளிராகவே இருக்கட்டும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கிழக்குச் சுவர் கரும்பச்சை. மாலை வெயில் அதில் விழுந்து அடங்கிவிடும். விதானம் வெள்ளை.

"கறுப்பாட்டம் அடிச்சா அனல் அடிக்காதா?" என்றார் அவள் அப்பா. உள்ளே வந்துவிட்ட வெயில் எந்த நிறச் சுவரில் பட்டாலும் பெரும்பகுதி அறைக்குள்ளேயே சூடாகிவிடும். சூட்டைத் தீர்மானிப்பவை வெளிச்சுவரும் மொட்டைமாடியும். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிடலாம் என்றதும் சம்மதித்தார்.

அடர்நிறம் எளிதில் வசப்படாது. கடையில் கரும்பச்சைக்கு வேறு பேஸ் எடுத்தார்கள். மற்றவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறைய இருக்கும். சுவரை மறைப்பது அதுதான். ஆழ்நிறத்துக்கான பேஸில் அது மிகக் குறைவு. நிறமியை நிறைய ஏற்றுகிறார்கள். அதனால் வெள்ளைச் சுவர்மேல் முதல் கோட் திட்டுத் திட்டாக நிற்கும். மேஸ்திரி சாம்பல் நிற பிரைமர் போட்டுத் தொடங்கினார். அதற்கு முன், மொபைல் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார்: சமமாக இருக்கிறது என்று நினைத்த சுவரில் அலை அலையாக மேடு பள்ளம். "வெள்ளையில இதெல்லாம் மறைஞ்சிரும்க்கா. டார்க்ல மானத்தை வாங்கிரும்." மறுபடியும் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பளபளப்பு வேண்டாம், மேட் போதும் என்பதும் அவர் யோசனைதான். மேட் பூச்சில் நகம் பட்டால் வெள்ளைக் கீறல் விழும் என்று மகளிடம் முன்னதாகவே சொல்லிவிட்டார்.

இரவில் 6500 கெல்வின் வெள்ளை பல்பில் அந்தப் பச்சை ஆஸ்பத்திரித் திரைபோல் இறுகிக் கிடந்தது. 3000 கெல்வின் பல்பு மாட்டியதும் இலையின் பச்சை வந்தது. பெயிண்டுக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் பல்பு விலை ஒன்றுமே இல்லை.

ஜனவரி 2

பூஜை அறைக்கு அடர் மெரூன் கேட்டது அம்மா. எல்லோருக்கும் ஆச்சரியம். அங்கே யாரும் புத்தகம் படிக்கப்போவதில்லை. வெளிச்சம் தேவைப்படுவது சுடருக்குப் பின்னால் இல்லை, சுடரில். தாத்தா விட்டுப்போன தஞ்சாவூர்க் கண்ணன் படம் ஒன்று இருக்கிறது. தங்க இலை ஒட்டிய வேலை. டியூப் லைட்டில், வெள்ளைச் சுவரில், அந்தப் பொன் வெறும் மஞ்சள். இன்று மெரூன் சுவரில் மாட்டி, குத்துவிளக்கு மட்டும் ஏற்றினோம். சுடர் அசையும்போது மாலையிலும் தூணிலும் பொன் மாறி மாறி எழுந்தது. ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி, 1933-இல் வெளிவரத் தொடங்கிய தன் நிழலைப் பற்றிய கட்டுரையில், அரக்குப் பாத்திரத்தின் தங்க வேலைப்பாடு மங்கிய வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். தஞ்சைக் கலைஞர்களும் விளக்கொளி காலத்தில்தான் இந்தப் பொன்னை ஒட்டத் தொடங்கினார்கள்.

ஜனவரி 6

கதவு வேலை. பழைய எனாமல் அடுக்குகளை உலர்வாகத் தேய்க்க வேண்டாம் என்று நிறுத்தினேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. நீர்விட்டுத் தேய்த்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தார்கள். அம்மாவைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 11

கூடம் தவிர எல்லாம் முடிந்தது. நடுக்கட்டில் பகல் பதினோரு மணிக்கு லைட் போடாமல் அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள்.

கூடத்துக்குப் பட்டி, பிரைமர், ஒரு கோட் வெள்ளை. அதோடு நிறுத்தியிருக்கிறோம். திரும்பவும் சாரம் கட்டி வேலை செய்வது மேஸ்திரிக்கு இரட்டை வேலை. அதற்கான கூலியைப் பேசிவிட்டேன். ஒவ்வொரு அறையின் ஷேட் எண், பேஸ், மேட்டா பளபளப்பா என்பதை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வைத்தாயிற்று. கரும்பச்சையில் மிச்சமிருந்ததை மூடி இறுகிய டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறோம். அடர்நிறத்தை வேறு கலவையில் டச்சப் செய்தால் ஒட்டுப்போட்டது தெரியும்.

ஆனி பிறந்ததும் மேஸ்திரி வருகிறார். வெயில் வடக்கே வந்திருக்கும், எதிர்வீட்டுப் பச்சையும் அடங்கியிருக்கும். அன்றைக்கு அடர்நீலத்துக்காக மகள் மறுபடி வாதாடுவாள். மேற்குப் பொதுச்சுவர் ஒன்றுக்கு மட்டும் என்றால் நான் அவள் பக்கம்.