கட்டியக்காரன் கேட்கும் கேள்வி

தளியைத் தாண்டி ஜவளகிரிக்குள் நுழைந்ததுமே இது எல்லை ஊர் என்பது காதில் விழுந்துவிடும். டீக்கடையில் ஒருவர் கன்னடத்தில் கேட்டார், இன்னொருவர் தெலுங்கில் பதில் சொன்னார், கடைக்காரர் தமிழில் சில்லறை எண்ணிக் கொடுத்தார். ஊரை ஒட்டியே காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தின் காடு. ராகி கதிர் முற்றும் பருவத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைகள் இவ்வழியே இறங்கும். அதனால் நான் பார்க்கப் போயிருந்த பள்ளிப் பிள்ளைகளின் ஒத்திகையை இருட்டுவதற்குள் முடித்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறி மாநில அளவுக்குப் போகும் போட்டி. அதற்காகப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வரலாற்று ஆசிரியர் ஒருவர், தருமபுரிப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரையும் சேர்த்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை கட்டிய பாரதி, மீசை முறுக்கிய கட்டபொம்மன் என்று ஆண்டுதோறும் ஒரே வேடங்கள் வருகின்றன. அதை விட்டு இந்தச் சீமையில் வாழ்ந்தவர்களை ஆடவைப்போம் என்பது ஆசிரியரின் எண்ணம். அதை எப்படி ஆடுவது என்பதற்கு வழி வாத்தியாரிடம் இருந்தது.

கூத்தில் ராஜா வேஷம் நேராக மேடைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரை விலகியதும் கட்டியக்காரன், "தாங்கள் யார்? எந்த நாடு? யார் மகன்?" என்று கேட்பான். வேஷக்காரர் தன் குலம், நாடு, பெருமை எல்லாம் சொல்லித்தான் சபைக்குள் வர முடியும். எழுதிவைத்த கேள்விகளோடு கட்டியக்காரன் நிறுத்த மாட்டான். ஊர்ச் சமாசாரத்தையும் இழுப்பான், ராஜாவையே மடக்குவான். வாத்தியார் அந்தக் கட்டியக்காரனை அப்படியே வரலாற்றுக்குக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த வசனம் என்று எதுவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ராஜாஜியாக வந்தான். கருப்புக் கண்ணாடி, கதர் வேட்டி, கைத்தடி. 1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தது, அப்பா அவ்வூர் முன்சீப், ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தது எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தன. 1937இல் முதல்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்ததைச் சொன்னபோது, ஓசூர்ப் பக்கம் அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டான். வாத்தியார் தலையாட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி, 1953இல ஒரு திட்டம் போட்டீங்களே. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில்னு. எங்கப்பன் கூத்தாடி. அப்ப நான் கூத்தாடியாவே இருக்கணுமா?"

திண்ணையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அமைதியானார்கள். பையன் கைத்தடியை மாற்றிப் பிடித்தான். "அதை நிறையப் பேர் எதிர்த்தாங்க. 1954இல நான் பதவியை விட்டுட்டேன். அடுத்து வந்த காமராசர் திட்டத்தை எடுத்துட்டார்" என்றான்.

"அது நடந்த கதை. நீங்க ஏன் செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க."

பதில் வரவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள தேடிட்டு வா கண்ணு" என்று வாத்தியார் வேஷத்தை இறக்கச் சொன்னார். பள்ளிகளும் பணமும் போதாத காலத்தில், வகுப்பு நேரத்தைப் பாதியாக்கி இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். குலத்தொழிலுக்குள்ளேயே பிள்ளைகளை அடைக்கும் வேலை என்பது எதிர்த்தவர்களின் வாதம். இரண்டையும் படிக்காமல் அந்தப் பையனால் இனி ராஜாஜி வேஷம் கட்ட முடியாது. பாடப்புத்தகத்தில் நான்கு வரி படித்துத் தேர்வு எழுதுவதைவிட இது பெரிய படிப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பெண் பிள்ளை ஒருத்தி தாமஸ் மன்றோ. 1792இல் திப்பு விட்டுக்கொடுத்த பாராமகாலில், அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக ஏழு ஆண்டுகள் நிலம் அளந்து வரி வகுத்தவர். அவளுடைய சிவப்புக் கோட்டு, கல்யாண பேண்டு செட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கித் தையல்காரம்மா பிடித்துக்கொடுத்தது. கிஸ்து என்றால் வரித் தவணை என்று தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

பெயரே இல்லாத ஒருவரும் வந்தார், நடுகல் வீரர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். பலவற்றை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். "யார் மகன்?" என்று கேட்டால் அந்த வேஷத்துக்குப் பதில் கிடையாது. "மாட்டை மீட்கப் போய்ச் செத்தேன், என் ஆயுதத்தைக் கல்லில் பாருங்கள்" என்று அந்தப் பையன் சொன்னான். அதற்காகவே கல்லை நேரில் போய்ப் பார்த்து, வீரன் கையில் இருப்பதை வரைந்து வந்திருக்கிறான்.

சிறுவர்கள் வேடம் கட்டுவது நமக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்துக்கு ஆறு வயது. 1942இல் ஔவையாராக நடித்து, கடைசிவரை ஔவை சண்முகம் என்றே வாழ்ந்தார். காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபால் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப்படிப்பும் கூத்தும் ஒன்றாக நடந்தன. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள்.

வாத்தியாரின் மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார். லீவு கிடைத்தால்தான் மிருதங்கம். கூத்துப் பருவம் முடிந்தபின் வாத்தியாருக்கு வருமானம் இல்லை. ஜவளகிரிக்கு வந்துபோக அவருக்குக் கிடைப்பது பஸ் செலவும் சாப்பாடும். அதுவும் ஆசிரியர் தன் கையிலிருந்து கொடுப்பது. பத்துப் பிள்ளைகளைத் தேடிப் படிக்கவைக்கும் ஒருவருக்கு இது போதாது.

மாறுவேடப் போட்டி நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு மீசை வரைந்து மேடையில் நிறுத்துவதோடு முடித்துவிடாதீர்கள். எதிரே கேள்வி கேட்க ஒரு கட்டியக்காரனையும் நிறுத்துங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் கூத்து வாத்தியார் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், உரிய சம்பளத்தோடு.