வாங்கிய நாளும் வெள்ளிக்கிழமைதான்!

ஏற்காட்டை "ஏழைகளின் ஊட்டி" என்று எழுதுவார்கள். எழுதுபவர் யார்? மே மாதத்திலே மலர்க்காட்சி காண வந்து, ஏரியிலே படகேறி, லேடீஸ் சீட்டிலே நின்று கீழே மின்னும் சேலத்து விளக்குகளைக் கண்டு களித்து, மறுநாளே மலையிறங்கிப் போய்விடுபவர்! ஆண்டு முழுவதும் அங்கே குடியிருக்க வேண்டிய ஏழையைக் கேளுங்கள். அவன் வேறு கதை சொல்வான். இரண்டாண்டு அங்கே குடியிருந்தவன் நான். பள்ளி ஆசிரியன். கற்றது வரலாறு, கற்பிப்பதும் வரலாறு. ஆனால், என் சொந்தப் பணம் முப்பதாயிரம் ரூபாயைத் திரும்பப் பெற நான் பட்ட பாடு, கல்லூரி எனக்குக் கற்றுத் தராத பாடம். தோழர்களே! அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரு பெட்டியும் இரண்டு மூட்டைப் புத்தகமுமாக நான் மலையேறிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வாடகை மாதம் ஐயாயிரம். முன்பணம் ஆறு மாத வாடகை. பத்தாயிரத்தைக் கைப்பேசி வழியே அனுப்பினேன். அம்மா தன் வளையலை அடகு வைத்துத் தந்த இருபதாயிரத்தை ரொக்கமாக எண்ணி வைத்தேன். வீட்டு உரிமையாளர் நோட்டுகளைக் கண்ணிலே ஒற்றிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அதுவுமா லட்சுமி வீடு தேடி வந்திருக்கா! நல்ல சகுனம், தம்பி" என்றார். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் ஆயா, எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து பெருக்கலானார்.

ரசீது? கேட்க நாக்கு எழவில்லை. பெரியவரிடம் ரசீது கேட்டால், நம்பிக்கை இல்லையென்று எண்ணிக்கொள்வாரே என்ற கூச்சம்! மேடையிலே பகுத்தறிவு பேசுபவன் நான். ஏன், எதற்கு, எப்படி என்று கேள், கேட்காமல் எதையும் ஏற்காதே என்று மாணவர்க்குக் கூறுபவன் நான். அன்று கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் விழுங்கிவிட்டேன். எழுத்திலே ஒப்பந்தமும் இல்லை. வாய்ச்சொல்லே ஒப்பந்தம், புன்னகையே முத்திரை!

இரண்டாண்டு கழிந்தது. சேலத்துக்கு மாறுதல் கிடைத்தது. மே மாத இறுதி நாளன்று வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவியை ஒப்படைத்தேன். "அட்வான்ஸ் எங்கே போயிடப் போகுது? அடுத்த வாரம் வாங்க தம்பி" என்றார் அவர்.

அடுத்த வாரம் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமையிலே லட்சுமியை வெளியே அனுப்பலாமா?" என்றார். செவ்வாய்க்கிழமை போனேன். செவ்வாயும் ஆகாதாம். புதன்கிழமை போனேன். விளக்கு வைத்தாகிவிட்டது, இனிப் பணம் எண்ணக்கூடாதாம். பிறகு அமாவாசை குறுக்கிட்டது. அதைக் கடந்தால் ஆடி வந்தது; "ஆடி போகட்டும்" என்றார். என்னே விந்தை! இந்த லட்சுமிக்கு உள்ளே வர நாளும் கிழமையும் தேவையில்லை; வெளியே போகத்தான் பஞ்சாங்கம் தேவைப்படுகிறது! நான் பணம் தந்த நாளும் வெள்ளிக்கிழமைதானே? அன்று சகுனமாக இருந்த கிழமை, இன்று தடையாக மாறியது எப்படி? மூடநம்பிக்கை என்றால் கோயில் வாசலிலும் சோதிடன் திண்ணையிலும் மட்டுந்தான் இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள். கணக்குத் தீர்க்க மனமில்லாதவன் கையிலே அது எவ்வளவு நல்ல பூட்டாகப் பயன்படுகிறது, பாருங்கள்!

கிழமைகள் தீர்ந்தன, கணக்குகள் தொடங்கின. சுவரிலே ஈரக்கறை, வெள்ளையடிக்க எட்டாயிரம் என்றார். மழைக்காலத்திலே வீட்டுக்குள்ளேயே மேகம் புகுந்து போகும் ஊர் ஏற்காடு. அந்த ஈரத்துக்கு நான் பொறுப்பாளியா? அந்த வெள்ளையடிப்புக்கூட எதற்காக? நான் காலி செய்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடுவதற்காக! ஒருநாள், பேச்சோடு பேச்சாக, "நீங்க கொடுத்தது பத்தாயிரந்தானே, தம்பி?" என்று கேட்டுவிட்டார். அன்றுதான் எனக்கு உடல் நடுங்கிற்று. இருபதாயிரம், அம்மாவின் வளையல், சாட்சியில்லாமல் கரைந்துவிடும் போலிருந்தது. சேலத்திலே புது வீட்டுக்கு மீண்டும் முன்பணம் தரக் கடன் வாங்கியிருந்தேன். அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கலாகாது என்றது. சட்டம் ஒரு மாதம் என்றது. சென்னைத் தெருக்களோ பத்து மாதம் என்றன. தெருதான் வென்றது! அந்தச் சட்டத்தின் இடத்திலே, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. 2021இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகையே உச்சவரம்பு, வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கூறுகிறது.

இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் பட்டணத்துச் சட்டம், தம்பி. மலைக்கு வேற வழக்கம்" என்றார். எந்தச் சட்டம் எந்த எல்லை வரை என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். பிறர் பணத்தை வாங்கி வைத்திருப்பவன், வைத்த காரணம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்ற அறத்துக்கு, மலையென்றும் சமவெளியென்றும் எல்லை உண்டோ?

மனம் சோர்ந்து பேருந்து நிலையத்தருகே நின்றேன். முற்றம் பெருக்கிய அந்த ஆயா எதிரே வந்தார். என் வீட்டின் பின்கட்டு அறையிலே பல்லாண்டு குடியிருந்து, ஓராண்டுக்கு முன் மகள் வீட்டுக்குக் குடிபோனவர். காப்பித் தோட்டத்திலே பழம் பறித்தே முதுகு வளைந்தவர். என் கதையைக் கேட்டார். "எனக்கும் எட்டாயிரம் வரணும், தம்பி. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. எங்க தாத்தன் காலத்துலே தொரை வீட்டு அட்வான்சை வாங்கிட்டு ஓடினா, தேடிப் புடிச்சு இழுத்தாருவாங்களாம். இப்ப நாம அட்வான்ஸ் கொடுத்துட்டு நாமளே தேடி ஓடறோம்" என்றார்.

வரலாறு படித்தவனை அந்தச் சொல் உலுக்கிற்று. 1820களிலே சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன், இந்தச் சேர்வராயன் மலையிலே காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகின, ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னாட்டு மலைத் தோட்டங்களுக்கு மேஸ்திரிகளும் கங்காணிகளும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். அந்த முன்பணத்துக்குக் காவலாக 1859ஆம் ஆண்டு 13ஆம் எண் சட்டம் நின்றது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பித் தா, அல்லது வேலையைச் செய் என்று அவர் ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல்! 1925ஆம் ஆண்டிலேதான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. முன்பணத்தால் மனிதனைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறை குற்றம் என்று சட்டம் சொல்ல 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காணீர், தோழர்களே! முன்பணம் என்ற சொல் ஒன்றுதான். மேலே இருப்பவன் பணம் கீழே இருப்பவன் கையிலே இருந்தால், அது விலங்கு; அதற்குச் சிறை உண்டு, கடுங்காவல் உண்டு. கீழே இருப்பவன் பணம் மேலே இருப்பவன் கையிலே இருந்தால், அது உண்டியலில் விழுந்த காணிக்கை! கேட்பவன்தான் வெட்கப்பட வேண்டும். நடப்பவன்தான் செருப்புத் தேய வேண்டும். எந்தப் பஞ்சாங்கம் எழுதிய நீதி இது?

"உங்களிடம் ஏதாவது எழுத்து இருக்கிறதா, ஆயா?" என்று கேட்டேன். "எனக்கு எழுத்து ஏது, தம்பி? ஒரு நோட்டுத்தான் இருக்கு" என்றார். மகள் வீட்டுத் தகரப் பெட்டியிலே, ரேஷன் அட்டையோடு சேர்த்துத் துணியிலே சுற்றி வைத்திருந்த வாடகை நோட்டை எடுத்து வந்தார். முதற் பக்கத்திலேயே, உரிமையாளரின் கையெழுத்திலேயே, "அட்வான்ஸ் வரவு ரூ. 8,000" என்று தேதியோடு எழுதியிருந்தது! எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, எழுத்தைப் பாதுகாத்திருந்தார். எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட நான், வெறுங்கையோடு நின்றேன். எனக்கு முன்னே வெட்கம் வந்தது; பின்னே துணிவு வந்தது.

"அன்னிக்கு நீங்க பணம் எண்ணினதை நான் பார்த்தேனே. வாங்க, நான் சொல்றேன்" என்று ஆயாவே முன்னே நடந்தார்.

உரிமையாளர் வீட்டுத் திண்ணையிலே நாலைந்து பேர் அமர்ந்திருந்தனர். ஆயா குரலை உயர்த்தவில்லை. "அய்யா, வாத்தியார் தம்பி பணம் எண்ணி வெச்சப்போ நான் முற்றம் கூட்டிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை அதுவுமா லட்சுமி வீடு தேடி வந்திருக்கான்னு கண்ணுலே ஒத்திக்கிட்டீங்களே, மறந்துட்டீங்களா?" என்றார்.

திண்ணையிலே ஒருவர் சிரித்துவிட்டார். சட்டப் பிரிவுகளுக்கு அசையாதவர், அந்தச் சிரிப்புக்கு அசைந்தார். உள்ளே போனார், வந்தார். அங்கேயே கணக்குப் பார்த்தோம். கடைசி மாத மின்கட்டணம் எண்ணூறும், நான் உடைத்த சன்னல் கண்ணாடிக்கு எழுநூறும் என் பொறுப்பு. அதை நானே சொன்னேன். பிறர் நேர்மையைக் கேட்பவன் தன் பாக்கியை மறைக்கலாகாது. ஆயிரத்து ஐந்நூறு போக இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு கைக்கு வந்தது. இம்முறை கூச்சப்படவில்லை, கணக்கை எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ஆடி முடிந்திருக்கவில்லை, விளக்கும் வைத்தாகியிருந்தது. லட்சுமி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை!

"ஆயாவின் எட்டாயிரம்?" என்றேன். "அது வேற கணக்கு, பார்க்கலாம்" என்றார். வேறு கணக்காம்! ஆசிரியனுக்கு ஒரு கணக்கு, காப்பிப் பழம் பறிப்பவளுக்கு வேறு கணக்கு.

அன்றிரவே ஆயாவின் பெயரால் ஒரு மடல் எழுதினேன். குடிவந்த நாள், தந்த தொகை, சாவியை ஒப்படைத்த நாள், நோட்டிலுள்ள வாசகம், பணம் தர ஒரு மாதக் கெடு, இவ்வளவுதான். வசையில்லை, வேண்டுதலுமில்லை. நோட்டுப் பக்கத்தின் நகலை இணைத்தேன். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகே கைநாட்டுப் பெற்று, ஒப்புகையோடு அஞ்சலில் சேர்த்தோம். வரவேண்டிய பணத்துக்கு வழக்குத் தொடர, 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் பொதுவாக மூன்றாண்டு தருகிறது. ஆயாவுக்கு ஓராண்டுதான் ஆகியிருக்கிறது என்பதையும் சொல்லி வைத்தேன்.

இளைஞர்களே! வாடகை வீடு தேடும் நாளிலேயே இதை நினைவிற் கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். தந்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். குடிபோகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் சுவரையும் சன்னலையும் படம் பிடித்து வையுங்கள். சாவி தந்ததற்கும் ஒப்பம் வாங்குங்கள். கேட்பது அவமதிப்பல்ல; ஏன், எதற்கு என்ற அந்தப் பழைய கேள்வியின் வீட்டு வடிவம் அது. உங்களுக்குக் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவிலே, தகரப் பெட்டிக்குள்ளே நோட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வாய் வலிக்கக் கேட்டு ஓய்ந்துபோன ஓர் ஆயா இருப்பார். அவருக்காக ஒரு மடல் எழுதுங்கள்.

நேற்று ஆயாவின் மகள் கைப்பேசியில் அழைத்தாள். ஒப்புகை வந்துவிட்டதாம், அதிலே உரிமையாளரின் கையெழுத்து இருக்கிறதாம். கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதன் கடைசி நாள் என்ன கிழமை என்று நாட்காட்டியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை! அன்று நான் மறுபடியும் மலையேறுவேன், ஆயாவோடு அந்தத் திண்ணையில் நிற்க.