சப்பாத்து அறையில் கேட்டவை

பின்னேரம் நாலு மணியானால் நிலக்கீழ்ப் படிகளில் 'டொக், டொக்' என்ற சத்தம் தொடங்கும். கணுக்கால் மடியாத பிளாஸ்டிக் சப்பாத்துகளோடு ஆட்கள் இறங்கி வரும் சத்தம் அது. லாயத்துக்குக் குதிரைகள் திரும்புவதுபோல இருக்கும். மணமும் கிட்டத்தட்ட அதேதான். 2017 கடைசியில் தொடங்கி மூன்று குளிர்காலம், சுவிஸில் செர்மாட் என்ற மலையூரில், ஒரு ஹோட்டலின் ஸ்கீ அறையில் வேலைக்கு நின்றேன். ஈரச் சப்பாத்துகளைச் சூட்டுக் காற்று வரும் குழாய்களில் கவிழ்ப்பேன். பலகைகளை அறை எண் பார்த்துச் சாத்துவேன். காலையில் கொளுவி இறுகாதவர்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு இழுத்துப் பூட்டிவிடுவேன். கைக்கு வேலை இருந்தது, காதுக்கு இல்லை. அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதுவரை பனிச்சறுக்கு என்றால் எனக்கு விளம்பரப் படம்தான். நீல வானம், வெள்ளை மலை, பல் தெரியச் சிரிக்கும் குடும்பம். அறைக்குள் வந்தவர்களில் ஒருவரும் அப்படிச் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றும் முதல் பத்து நிமிடமும் குறைதான். கோயில் திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும் நம்மவர்கள், மேளம் சரியில்லை, அன்னதானச் சாம்பாரில் உப்பில்லை என்பார்களே, அதே ராகம். அடுத்த வருடம் வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்பவர்களும் அவர்கள்தான்.

குறைகளில் மூத்தது நடை. செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் வர முடியாது. ஐந்து கிலோமீட்டர் கீழே, டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் ரயிலில் வர வேண்டும். ஊருக்குள் ஓடுபவை தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோன்ற மின்சார வண்டிகள். வந்திறங்கும் நாளில் இதை எல்லோரும் புகழ்வார்கள். என்ன அமைதி, என்ன காற்று! மறுநாள் ஒரு தோளில் பலகை, மறுகையில் ஊன்றுகோல், பின்னால் அழுதுகொண்டு வரும் பிள்ளை என்று வழுக்கும் தெருவில் கால்மணி நேரம் நடந்த பிறகு அந்த அமைதி கசந்துவிடும்.

காரணம் ஊரின் அமைப்பு. சறுக்கும் மலை மூன்று பெரிய துண்டுகளாகக் கிடக்கிறது. கிழக்கே சுன்னெகா, ரோட்ஹோர்ன் பக்கம். நடுவில் கோர்னர்கிராட். தெற்கே பனியாற்றோடு கிளைன் மாட்டர்ஹோர்ன். ஒவ்வொன்றுக்கும் ஏறுமிடம் ஒவ்வொரு திசையில். சுன்னெகாவுக்கு மலையைக் குடைந்து 1980இல் போட்ட கயிற்று ரயில் சில நிமிடத்தில் மேலே தள்ளிவிடும். கோர்னர்கிராட்டுக்குப் போவதோ 1898இல் திறந்த பற்சக்கர ரயில். 3089 மீட்டர் வரை ஏறும், ஆனால் அதற்கு ஒரு அவசரமும் கிடையாது. உல்லாசப் பயணிகள் ஜன்னலோரம் இருந்து படம் பிடிக்க, பலகையோடு நிற்கும் இளைஞர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

பிரான்சில் பழகியவர்களுக்கு இது இன்னும் பொறுக்காது. அங்கே 'மூன்று பள்ளத்தாக்கு' என்ற ஒரே தொடரில் 600 கிலோமீட்டர் பாதை. அதில் வால் தொரன்ஸ் என்ற ஊர் 2300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து பலகையை மாட்டிச் சறுக்க வேண்டியதுதான். இதைச் சொல்லும் ஆளுக்குப் பக்கத்து வாங்கிலேயே மறுப்பு இருக்கும்: அங்கே படுத்தெழும்புவது கொங்கிரீட் மாடிகளில், இங்கே மாடு வளர்த்தவர்கள் கட்டிய மரவீடுகள் இன்னும் நிற்கின்றன என்று. இரண்டு பேர் சொல்வதும் சரி. சறுக்குவதற்கென்றே கட்டிய இடத்தில் எல்லா வசதியும் இருக்கும், ஊர்தான் இருக்காது.

நாளடைவில், இவர்கள் எல்லோரும் ஒரே மலையைப் பற்றித்தான் கதைக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சுவிஸில் பாதைகளுக்கு மூன்று நிறம். நீலம் இலேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே ஒரு பச்சை உண்டு, இங்கே அந்தச் சலுகை இல்லை. புதிதாகப் பழகுபவருக்கு ஊருக்குள் ஒரு சமதரைகூடக் கிடையாது, பழகுவதற்கே மேலே ஏற வேண்டும். 'நீலம்தானே, பயப்படாதே' என்று கணவன் கூட்டிப்போன பாதையில் இறுகிய பனிக்கட்டியைக் கண்டு மணிக்கணக்கில் பக்கவாட்டாக இறங்கி வந்த பெண்கள், அன்றிரவு கணவனோடும் கதைக்கவில்லை, மலையோடும் கதைக்கவில்லை. கைதேர்ந்தவர்களின் துக்கம் வேறு. அவர்கள் கேட்டு வருவது ஸ்டொக்ஹோர்ன் பக்கத்து மஞ்சள் குறிப் பாதைகளை. இயந்திரம் சீவிவிடாத சரிவுகள் அவை. பாறைகளை மூடுமளவுக்குப் பனி விழுந்த பிறகுதான் திறப்பார்கள். டிசம்பரில் வந்தவர்கள் கயிற்று வண்டியில் இருந்து எச்சில் விழுங்கியபடி பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இருவருக்கும் நடுவே ஒரு கூட்டம் உண்டு. வயது நாற்பது, ஐம்பது. முழங்கால் இன்னும் காலை வாரவில்லை. காலையில் சீவிய சிவப்புப் பாதையில் உச்சியில் இருந்து அடிவாரம் வரை நிற்காமல் இறங்குபவர்கள். இந்த மலை அவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சப்பாத்தைக் குழாயில் கவிழ்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஒரு இடத்தைப் பற்றி ஆட்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் இந்தப் பேசாத கூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பின்னேரம் எல்லோரும் ஒன்றாக இறங்கும் கடைசிப் பாதை ஒன்று இருக்கிறது, ஃபூரி என்ற இடத்தில் இருந்து ஊருக்கு. பகல் முழுக்க ஆட்கள் உரசி உரசிப் பனி கண்ணாடியாகியிருக்கும். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள சறுக்கு விதி. பலகையில் எழுதித் தொங்கவும் விட்டிருப்பார்கள். அந்தப் பாதையால் வந்தவர்களைச் சொல்லாமலே எனக்குத் தெரியும். கொளுவியைத் திறக்கும்போது கெண்டைக்கால் என் கைக்குள் நடுங்கும்.

பிறகு இத்தாலி. கிளைன் மாட்டர்ஹோர்ன் பக்கத்தால் எல்லை தாண்டிச் சறுக்கினால் செர்வீனியா. இரண்டு பக்கமும் சேர்த்தால் 360 கிலோமீட்டர். அதற்குச் சீட்டில் மேலதிகமாகக் காசு கட்ட வேண்டும். கட்டிய காசைக் கோப்பியிலும் பாஸ்தாவிலும் மிச்சம் பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். சுவிஸ் பக்கத்து மதியச் சாப்பாட்டு விலையை நான் என் சம்பள மணிகளாக மாற்றிப் பார்ப்பதுண்டு, அதனால் அவர்கள் சந்தோசம் எனக்கு விளங்கும். (ஆனால் ஃபிண்டெல்ன் என்ற மேட்டுக் குக்கிராமத்தில், எலி ஏறாமல் இருக்கக் கல்தட்டுகளின் மேல் தூக்கிக் கட்டிய பழைய தானியக் கொட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்து மூன்று மணி நேரம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் சறுக்கியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் விலையைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.)

இத்தாலிக்குப் போவதில் ஒரு சூது இருக்கிறது. காற்று எழும்பினால் உச்சி வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். திரும்பும் வழி அடைபடும். ஒருநாள் ஒரு டென்மார்க் குடும்பம் மதியம் அங்கே பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே காற்று மாறிவிட்டது. மலைக்கு மேலால் சில கிலோமீட்டர் தூரம். தெருவால் வருவதென்றால் ஆவோஸ்தா, கிரான் சான் பெர்னார் சுரங்கம், மார்த்தினி, பிறகு எங்கள் பள்ளத்தாக்கு என்று மலையையே சுற்ற வேண்டும். இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்தார்கள், ஐந்து பேரும் சறுக்குச் சப்பாத்தோடு. டாக்சிக் கணக்கைத் தகப்பன் சொல்லவில்லை. கடைக்குட்டி மட்டும் இதுதான் இந்தக் கிழமையிலேயே நல்ல நாள் என்றான்.

இவ்வளவு கதைக்கும் நடுவே ஒன்றைப் பற்றி அந்த அறையில் பேச்சு அநேகமாக வருவதில்லை. மாட்டர்ஹோர்ன். கிளைன் இல்லை, பெரியது. 4478 மீட்டர். உள்ளூர்க்காரர் அதை 'ஹோரு' என்பார்கள், கொம்பு என்று அர்த்தம். சாக்லெட் பெட்டியில் தொடங்கிக் குடை வரைக்கும் அதன் படம் இல்லாத கடை இங்கே இல்லை. இத்தனை பேர் இத்தனை காசு கட்டி வருவதே அதன் நிழலுக்குத்தான். ஆனால் அதில் ஒருவரும் சறுக்குவதில்லை. அவ்வளவு செங்குத்து. சறுக்குவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும், பேர் தெரியாத தோள்களிலும் முதுகுகளிலும். 1865 ஜூலை 14இல் முதல் முறையாக ஏழு பேர் உச்சியைத் தொட்டு இறங்கும்போது கயிறு அறுந்து நாலு பேர் விழுந்து இறந்தார்கள். அறுந்த கயிறு ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கிடக்கிறது. உடுப்புக் காயப்போடும் கொடிக் கயிறுபோல மெல்லிசு. அந்த மரணங்களோடுதான் இந்தக் குக்கிராமத்தின் பெயர் உலகத்துக்குத் தெரிய வந்தது. ஹோருவைப் பற்றிக் குறை சொன்ன ஒரே கூட்டம் இத்தாலிக்குப் போய் வந்தவர்கள்தான். பின்பக்கத்தில் இருந்து பார்க்க வடிவில்லையாம்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு நினைவு வருபவர் ஒரு ஜெர்மன் கிழவர். தன் கொளுவியைத் தானே கழற்றுவார், என்னைத் தொட விடமாட்டார். கிளைன் மாட்டர்ஹோர்னுக்கு 1979இல் வண்டி ஓடத் தொடங்கிய காலத்தில் இருந்து வருகிறவர். வரிசை, விலை, நடை, ஒன்றும் அவர் வாயில் வராது. பனியாறு எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான். விரலால் வாங்கில் கோடு போட்டுக் காட்டுவார். அப்போது எனக்கு அது வயதானவர்களின் வழமையான கதையாகப்பட்டது. ஊரில் எங்கள் அப்பு, 'முந்திக் கடல் இந்தப் பனைவரைக்கும் இல்லை' என்று சொல்வதுபோல.

நான் அந்த ஊரை விட்டு வந்த பிறகு செய்திகளில் அவர் விரல் தெரிந்தது. வருடம் 365 நாளும் சறுக்கலாம் என்று பெயர் எடுத்த அந்தப் பனியாற்றில் 2022 கோடையில் வெப்பத்தால் சறுக்குவதை நிறுத்தினார்கள். அதே வருட இலையுதிர்காலத்தில் சுவிஸில் தொடங்கி இத்தாலியில் முடியும் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றை அங்கே வைக்கப் பார்த்தார்கள். பனி போதவில்லை. 2023இல் மறுபடி பார்த்தார்கள், இந்த முறை பனியும் காற்றும் விடவில்லை. ஒரு பந்தயம்கூட ஓடாமல் அது பட்டியலில் இருந்தே போனது. அங்கே இரண்டு நாட்டு எல்லையும் நீர் பிரியும் மேட்டை ஒட்டி வரைந்தது. தெயோடுல் பனியாறு கரைய மேடு இடம் மாற, எல்லைக் கோட்டையே நகர்த்த 2023இல் இரு நாடுகளும் இணங்கின. கிழவர் வாங்கில் போட்ட கோட்டை அரசாங்கங்கள் வரைபடத்தில் போட்டன.

பனி கூடினாலும் ஆட்களுக்குக் குறைதான் என்பதையும் பார்த்தேன். 2018 ஜனவரி, நான் வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட இல்லை. கொட்டிய பனியில் தெருவும் ரயிலும் அடைபட்டன. ஊருக்குள் 13,000 உல்லாசப் பயணிகள். பனிச்சரிவு அபாயத்தால் சறுக்குப் பாதைகளும் மூடல். சறுக்க வந்தவர்கள், வாழ்நாளில் கண்டிராத அளவு பனிக்கு நடுவில் இருந்து சீட்டு விளையாடினார்கள். அவசரக்காரர் ஹெலிகொப்டரில் பறந்தார்கள். சமையலறையில் வேலை செய்த பரந்தன் அண்ணை ஜன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரில ஊரடங்கு போட்டா பாணுக்கு ஓடுவம் தம்பி. இவையளுக்கு வைன் முடிஞ்சிடுமோ எண்டு பயம்."

அண்ணைதான் என்னை ஒருமுறை போய்ப் பார் என்று தள்ளியது. பதினாறு வருடம் அந்த ஊரில் இருந்து அவர் ஒருநாளும் சறுக்கினதில்லை. யாரோ விட்டுப்போன பலகை, என் காலுக்கு ஒரு அளவு சின்னச் சப்பாத்து. சுன்னெகாவில் பிள்ளைகள் பழகும் இடத்தில், நகரும் கம்பளத்தில் ஏறி ஏறி விழுந்தேன். நாலு வயது இருக்கும், மஞ்சள் தொப்பிப் பெண்பிள்ளை ஒன்று ஊன்றுகோலே இல்லாமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். மல்லாந்து கிடந்தபோது ஹோரு தலைகீழாக நின்றது. எத்தனையாவது தடவையென்று தெரியாது, ஒருமுறை முப்பது மீட்டர் வரை விழாமல் போனேன். பலகைக்குக் கீழே பனி 'ஸ்ஸ்ஸ்' என்றது. அந்தச் சத்தத்தை அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் நாலரைக்கு நானும் 'டொக் டொக்' என்று படி இறங்கினேன். அண்ணை வெங்காயக் கூடையோடு நின்றார்.

"எப்பிடியடா?"

"சப்பாத்து கடிக்குது அண்ணை. அங்கயிருந்து நடக்கிற தூரம்! அந்தக் கம்பளம் ஆமை மாதிரி நகருது. ஒரு தேத்தண்ணிக்கு எடுத்த காசில ஒரு கிழமைக்குப் பால்மா வாங்கலாம். எங்கட மலையிலயே ஒருத்தன் குறுக்கால வந்து..."

அவர் சிரித்தார். "எங்கட மலையோ? சரி, அப்ப இனிப் போகமாட்டாய்."

நான் சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த லீவு வியாழக்கிழமை.